அடுத்த வண்டியில் கூடைக்கு இடம் உண்டா?

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தாருக்கும் (கும்டா), தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை), சென்னை மெட்ரோ நிர்வாகத்தாருக்கும் ஒரு சீசன் டிக்கெட்காரரின் திறந்த மடல்

வணக்கம்.

கடற்கரை–வேளச்சேரிப் பறக்கும் ரயிலை மெட்ரோவிடம் ஒப்படைக்க ரயில்வே வாரியம் 2025-ல் கொள்கையளவில் சம்மதித்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 19 முதல் கடற்கரை–செங்கல்பட்டுத் தடத்தில் ஏசி மின்சார ரயில் ஓடுகிறது. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு ஓட்டுநர் இல்லாத வண்டிகள் வாங்கியாகிறது. ஆக, இனி வரும் தலைமுறை எந்தப் பெட்டியில் ஏறி வேலைக்குப் போகும் என்பது இப்போது உங்கள் மேசைகளில் முடிவாகிக்கொண்டிருக்கிறது. அந்த முடிவில், கூடையும் மூட்டையுமாக வருகிற சிறு வியாபாரிகளுக்கான வெண்டர் பெட்டி இருக்கிறதா என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஏசி வேண்டும் என்று எழுத ஆளிருக்கிறது. எஸ்கலேட்டருக்கு மனுக்கொடுக்கப் பயணிகள் சங்கம் இருக்கிறது. வெண்டர் பெட்டிக்காக யாரும் மனு எழுதி நான் பார்த்ததில்லை. அதில் வருகிறவர்களுக்கு விடியற்காலை முதல் பொழுது சாயும்வரை வேறு வேலை இருக்கிறது.

உங்களில் பலர் அந்தப் பெட்டிக்குள் போயிருக்க மாட்டீர்கள் என்ற ஊகத்தில் கொஞ்சம் சொல்கிறேன். மற்றப் பெட்டிகளைப் போல எதிரெதிர் சீட்டு வரிசை அங்கே கிடையாது. சுவரோரம் பெஞ்சு, நடுவில் வெறும் தரை. சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் எடுத்த பெண்கள் அலுமினியத் தேக்சாவை இறக்கி வைத்துவிட்டு, தலையிலிருந்த சும்மாட்டை உதறி அதன்மேலேயே உட்கார்ந்துகொள்வார்கள். ஐஸ் கரைந்த தண்ணீர் வண்டி ஆடுகிற பக்கமெல்லாம் ஓடி, கடைசியில் வாசல் வழியே வெளியேறும். திருவள்ளூர்ப் பக்கத்து வண்டிகளில் கீரைக்கட்டு, கொய்யா, நனைத்த சாக்கு போர்த்திய வெற்றிலைக் கூடை. பூக்காரர்கள் மூட்டையை அவிழ்த்து மடியில் கொட்டிக்கொண்டு நார் எடுத்துவிடுவார்கள். தாம்பரத்தில் உதிரியாக ஏறிய மல்லி கோட்டை ஸ்டேஷனில் சரமாக இறங்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரு வேலை முடிந்துவிடுகிறது. லேப்டாப்பைத் திறந்து ரயிலிலேயே மெயில் அனுப்பிவிடுகிறவரைச் சுறுசுறுப்பானவர் என்கிறோம். இவர்கள் அதைப் பல காலமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஏசி வண்டி விட்ட புதிதில், பிளாட்பாரத்தில் அது மூடிய கதவோடு நின்றபோது பக்கத்திலிருந்த மீன்கார ஆயா கேட்டார்: “இதுல கூடைய உடுவாங்களா கண்ணு?” எனக்குத் தெரியவில்லை. கூடையோடு அதில் யாரும் ஏறி இதுவரை நான் பார்த்ததுமில்லை. ஆயாவின் கேள்வியை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கிறேன்.

இந்த ஊரில் பெட்டிகள் மாறிய கதை நீளமானது. அதைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெரியும்: இழுவை, மின்சாரம், இருப்புப்பாதை அகலம் பற்றியெல்லாம் கவனமாக யோசித்திருக்கிறோம், உள்ளே யார் உட்காரப் போகிறார் என்பதைப் பெரும்பாலும் கடைசியில்தான் யோசித்திருக்கிறோம்.

1895 மே 7 அன்று மதராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதலாவது, லண்டனுக்கே முன்னால் என்று இன்றும் பெருமை பேசுகிறோம். தலைக்கு மேல் கம்பி தொங்கினால் தெரு அழகு கெடும் என்றோ என்னவோ, தண்டவாளங்களுக்கு நடுவே பள்ளம் தோண்டி, அதற்குள் மின்கடத்தியைப் புதைத்தார்கள். வடகிழக்குப் பருவமழை அந்தப் பள்ளத்தை விட்டுவைக்குமா? சில ஆண்டுகளிலேயே மேல்கம்பிக்கு மாறவேண்டியதாயிற்று. மழைக்காலத்தை மறந்துவிட்டு மதராஸுக்குத் திட்டம் போடும் வழக்கம் அன்றே ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளலாம். 1921 வாக்கில் 24 கிலோமீட்டர் தடத்தில் 97 வண்டிகள் ஓடின. பிறகு கம்பெனி நஷ்டத்தில் விழுந்தது; அரசு வாங்கிக்கொள்ள முன்வரவில்லை; 1953 ஏப்ரல் 12 இரவோடு டிராம் நின்றது. தண்டவாளம் தாருக்கு அடியில் போயிற்று. நட்டக் கணக்கைப் பார்த்து ஒரு தடத்தை மூடுவது ஓர் இரவு வேலை. அதன்பிறகு இந்த நகரத்தின் நடுப்பகுதிக்கு மறுபடி ரயில் வர எத்தனை காலம் ஆயிற்று என்பது உங்கள் அலுவலகக் கோப்புகளிலேயே இருக்கிறது.

டிராம் உயிரோடிருந்த காலத்திலேயே, 1931 ஏப்ரல் 2-ல், கவர்னர் ஸ்டான்லி கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலைத் தொடங்கிவைத்தார். மே 11 முதல் பொதுமக்களுக்கு ஓடியது. தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் தடம், 1500 வோல்ட் நேர்மின்சாரம். மாம்பலமும் சைதாப்பேட்டையும் பல்லாவரமும் இன்றைய உருவத்துக்கு வந்ததில் அந்தத் தடத்துக்குப் பெரிய பங்குண்டு. அறுபதுகளில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றினார்கள். 2004 ஜூலை 1-ல் மீட்டர் கேஜ் வண்டி கடைசியாக ஓடி, அகலப்பாதை முழுதாக வந்தது. இதையெல்லாம் நன்றாகவே செய்தார்கள். நான் நிறுத்திப் பார்க்க நினைப்பது பெட்டிகளை.

1917 செப்டம்பரில் காந்தி பம்பாயிலிருந்து மதராஸுக்கு மெயில் வண்டியின் மூன்றாம் வகுப்பில் வந்தார். டிக்கெட் 13 ரூபாய் 9 அணா. பெட்டியில் 22 பேருக்கு என்று எழுதியிருந்தது. அதுவும் உட்கார மட்டும் போட்ட கணக்கு. ராய்ச்சூர் தாண்டியதும் நெரிசல் தாங்க முடியவில்லை என்று பத்திரிகைகளுக்கு எழுதினார். அவர் கேட்டது சொகுசை அல்ல. மூன்றாம் வகுப்பில் வருகிற கூட்டத்தை ரயில்வே தன் வாடிக்கையாளராக நினைக்கவில்லை என்பதுதான் அவருடைய புகார்.

அந்தக் காந்தியின் பிறந்தநாளில், 1955 அக்டோபர் 2 அன்று, நேரு பெரம்பூரில் ஐ.சி.எஃப். தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். சூரிக் அருகே ஷ்லீரனிலிருந்த சுவிஸ் கம்பெனியின் தொழில்நுட்பம். அதற்கு முந்தைய பெட்டிகளில் பல, இரும்புச் சட்டத்தின் மேல் மர உடலைத் தூக்கி வைத்தவை. மோதினால் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும். மரச்சிராய்களே ஆளைக் கொல்லும். பெரம்பூர்ப் பெட்டியில் தரை, பக்கச் சுவர், கூரை எல்லாவற்றையும் எஃகுத் தகட்டில் பற்றவைத்து ஒரே குழாயைப் போல ஆக்கினார்கள். மோதலின் வேகத்தை இரு முனைகளும் நசுங்கி வாங்கிக்கொள்ளும். நடுவிலிருக்கிறவர் பிழைக்க வழியுண்டு. இந்தப் பாதுகாப்பு முதலில் யாருக்குப் போயிற்று தெரியுமா? ஐ.சி.எஃப். முதன்முதலில் கட்டியவை மூன்றாம் வகுப்புப் பெட்டிகள். புத்தம்புதுத் தொழில்நுட்பத்தைக் கடைசி வகுப்புக்கு முதலில் கொடுத்த தொழிற்சாலை அது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஐ.சி.எஃப். பெயரைக் கேட்டால் எனக்கு நெஞ்சு நிமிரும்.

ஆனால் அன்று கட்டியது உடல் மட்டும்தான். உள்ளே சீட்டும் விளக்கும் விசிறியும் கழிவறையும் பொருத்துகிற பிரிவு ஏழு ஆண்டு கழித்து 1962 அக்டோபர் 2-ல்தான் அங்கே திறந்தது. அதுவரை வெற்றுக்கூடுகள் வேறு பட்டறைகளுக்குப் போய் உள்வேலை முடித்து வந்தன. கூட்டைக் கட்டுவது பொறியியல். உள்ளே எங்கே பலகை, எங்கே வெறுந்தரை என்பதோ கொள்கை. வெண்டர் பெட்டிக்குத் தனிக் கூடு தேவையில்லை. அதே பெட்டி, சில சீட்டுகளைப் பொருத்தாமல் விட்டால் போதும். இதைவிட மலிவான வசதி எந்த ரயில் திட்டத்திலாவது உண்டா?

1974-ல் மூன்றாம் வகுப்பை ஒழித்தார்கள். போர்டில் எழுத்து மாறியது. மரப்பலகை அப்படியே இருந்தது. 1977-க்குப் பிறகு மது தண்டவதே ரயில்வே அமைச்சராக இருந்தபோது இரண்டாம் வகுப்புப் படுக்கையில் இரண்டு அங்குல ஃபோம் போட்டார்கள். இந்த நாட்டில் கோடிக்கணக்கான முதுகுகளுக்கு உண்மையில் ஏதாவது நடந்தது என்றால் அந்த இரண்டு அங்குலம்தான். ரயில்வே வரலாறு என்று எழுதுகிறவர்கள் வேகத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவார்கள், ஃபோமுக்கு ஒரு வரி ஒதுக்கமாட்டார்கள்.

இனி நிகழ்காலத்துக்கு வருகிறேன். பறக்கும் ரயில் 1995 நவம்பரில் கடற்கரை முதல் சேப்பாக்கம் வரையிலும், 1997-ல் மயிலாப்பூர் வரையிலும், 2007-ல் வேளச்சேரி வரையிலும் வந்தது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைவரை மிச்சமிருந்த ஐந்து கிலோமீட்டர் பட்ட பாட்டை உங்களுக்கே சொல்லத் தேவையில்லை. பக்கிங்காம் கால்வாயின் மேல் தூண் நட்டு, மலைபோல ஸ்டேஷன்களைக் கட்டி, உள்ளே மாடிமாடியாகக் காலியிடம் விட்டு, வெளியே பஸ் வந்து நிற்க இடம் வைக்காமல் விட்டார்கள். மெட்ரோ கைக்குப் போனால் விளக்கெரியும், லிஃப்ட் ஓடும், கழிவறை திறந்திருக்கும் என்று எல்லோரையும் போல நானும் நம்புகிறேன். கூடைக்காரர்களுக்கும் அது நல்லதே. இரண்டு மாடி உயரத்துக்குத் தலைச்சுமையோடு படியேறுகிறவருக்கு ஓடுகிற லிஃப்டைவிடப் பெரிய உதவி கிடையாது.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. மெட்ரோ ஓடுவது 2002-ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் சட்டத்தின் கீழ். அங்கே பயணி கொண்டுவரும் சாமானுக்கு அளவு வரம்பு, எடை வரம்பு எல்லாம் உண்டு. அந்த விதி தோள்பையும் சூட்கேஸும் வைத்திருக்கிறவரை மனதில் வைத்து எழுதியது. மீன் தேக்சாவும் கீரை மூட்டையும் அந்த வரம்புக்குள் அடங்காது. பறக்கும் ரயில் ஏதோ ஒரு நாள் நள்ளிரவில் மெட்ரோ சட்டத்துக்குள் வந்தால், முந்தின நாள்வரை முறையாக டிக்கெட் எடுத்து வந்த ஒரு பெண் மறுநாள் காலை ஸ்கேனர் வாசலிலேயே விதிமீறியவர் ஆகிவிடுவார். யாரும் அவரைத் துரத்தவேண்டும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். ஒப்பந்தத்தில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லாமல் போயிருக்கும், அவ்வளவே.

அந்த ஒரு வரியைச் சேர்க்க இப்போது நேரமிருக்கிறது. ஏனென்றால், பெட்டியை எப்படியும் நீங்கள் புதிதாக வரைந்தே தீரவேண்டும். சென்னை மெட்ரோ ஓடுவது 1435 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில். பறக்கும் ரயில் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை. 2015-லிருந்து நாம் பார்க்கிற அல்ஸ்டாம் வண்டியை அப்படியே கொண்டுவந்து வேளச்சேரித் தடத்தில் விடமுடியாது. பாதையை மாற்றுவதென்றால் செலவு ஒருபுறம். புறநகர்த் தடத்தோடு உள்ள தொடர்பு அறுந்துபோவது மறுபுறம். எனவே அகலப்பாதைக்கென்றே மெட்ரோ மாதிரிப் பெட்டி ஒன்று வேண்டியிருக்கும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் பெரம்பூரிலேயே இருக்கிறார்கள். 1984 அக்டோபர் 24-ல் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூருக்குக் கல்கத்தா மெட்ரோ கிளம்பியதே, நாட்டின் முதல் மெட்ரோ, அது ஓடியது அகலப்பாதையில், ஐ.சி.எஃப். பெட்டியில்.

அந்தப் பெட்டியைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அதன் கதவுகள் தாமாக மூடித் திறந்தன. ஆனால் ஏசி கிடையாது. விசிறிகளும் சுரங்கத்துக்குள் செலுத்திய காற்றும்தான். ஏசி இல்லாத அந்த வண்டிகள் 2021 அக்டோபர்வரை ஓடின. ஆக, “கதவை மூடவேண்டுமானால் ஏசி போடவேண்டும், ஏசி போட்டால் கட்டணம் ஏறத்தான் செய்யும்” என்று இப்போது சொல்லப்படும் வாதத்துக்கு ஐ.சி.எஃப்.பே நாற்பது ஆண்டுக்கு முன் பதில் செய்து காட்டியிருக்கிறது. கல்கத்தாவின் சுரங்கம் வேறு, மே மாதத்துப் பல்லாவரம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2025 ஜூன் 9-ல் மும்பை மும்ப்ராவில் வாசலில் தொங்கியவர்கள் விழுந்து இறந்த பிறகு, ரயில்வே அமைச்சகமே ஏசி இல்லாத மூடுகதவுப் பெட்டியை அறிவித்தது: கதவில் காற்றுப்புகும் சாய்தகடுகள், கூரையில் வெளிக்காற்றை உள்ளே தள்ளும் கருவி, பெட்டிக்குப் பெட்டி நடந்துபோக வழி. மும்பைக்கு முடியும் என்றால் அதைச் செய்யப்போகிற ஊருக்கு முடியாதா?

திறந்த வாசலுக்காக நான் வாதாட வரவில்லை. 2018 ஜூலையில் பரங்கிமலையில், வேறு தடத்துக்குத் திருப்பிவிட்ட வண்டியில் படியில் தொங்கி வந்தவர்கள் பிளாட்பாரச் சுவரில் மோதி இறந்ததை அந்தத் தடத்துக்காரர்கள் யாரும் மறக்கமாட்டோம். வாசலில் நின்று காற்று வாங்கும் சுகத்தைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள், அதில் நிற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உள்ளே இடமில்லாமல் நிற்கிறார்கள் என்பதைச் சேர்த்து எழுதினால் நல்லது. கதவு மூடட்டும். மூடுவதற்குமுன் கூடையும் உள்ளே வந்திருக்கவேண்டும் என்பதே என் கட்சி.

கட்டணத்தையும் பேசாமல் முடியாது. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குச் சாதாரண மின்சார ரயிலில் 15 ரூபாய். அதே தூரம் ஏசி வண்டியில் 105. குறைந்தபட்சக் கட்டணம் அங்கே 5, இங்கே 35. ஏழு மடங்கு. கூடுதல் வசதிக்குக் கூடுதல் காசு என்பது நியாயம்தான், ஆனால் ஒரே தண்டவாளத்தில் ஓடும் இரண்டு வண்டிகளில் ஏழு மடங்கு வித்தியாசம் வைத்தால் பழைய முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு வேறு பெயரில் திரும்பி வந்ததாகத்தான் ஆகும். அதிலும், ஏசி வண்டி ஓடுகிற நேரம் சாதாரண வண்டிக்கு உரிய நேரம். அதற்கு அடுத்த வண்டியில் ஏற்கெனவே இருந்த கூட்டத்தோடு இந்த வண்டியில் ஏறமுடியாதவர்களும் சேருகிறார்கள். மும்பையில் 2017 கிறிஸ்துமஸ் அன்று வந்த ஏசி லோக்கலிலும் இதே கதை. 2022 மே மாதம் ஒற்றைப் பயணக் கட்டணத்தைப் பாதிவரை குறைத்தார்கள், கூட்டம் வந்தது. பாடம் அங்கே நடந்து முடிந்திருக்கிறது, நாம் மறுபடி கட்டணம் கட்டிப் படிக்கவேண்டாம்.

மெட்ரோ கைக்குப் பறக்கும் ரயில் போகும்போது இந்த 5 ரூபாய்க்கு என்ன ஆகும் என்று இதுவரை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. மெட்ரோவில் குறைந்தபட்சம் 10 ரூபாய். தினமும் போய்வருகிறவருக்கு ஒற்றைக் கட்டணத்தைவிட முக்கியமானது மாதச் சீசன். வேளச்சேரியிலும் திருவான்மியூரிலும் வீட்டுவேலைக்கு இறங்கும் பெண்களின் சம்பளக் கணக்கே சீசனை வைத்துத்தான். அது நிற்குமா, நின்றால் எத்தனை ஆண்டு, எவ்வளவு, என்பதைக் கைமாற்ற ஒப்பந்தத்திலேயே எழுதி, ஸ்டேஷன்களில் தமிழில் ஒட்டவேண்டும். “பின்னர் அறிவிக்கப்படும்” என்ற சொற்றொடர் உங்கள் அலுவலகங்களுக்குச் சௌகரியமானது. எங்களுக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு செலவு.

பெட்டி வரைகிறவர்களிடம் நான் கேட்பது இது. ஒவ்வொரு புது வண்டியிலும், ஒரு முனையில், பாதிப் பெட்டி அளவுக்குச் சீட்டில்லாத தரை. தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடிய, வழுக்காத தரை. ஐஸ் தண்ணீர் போக ஓரத்தில் வடிகால். சுவரோரம் மடக்குப் பெஞ்சு. மற்றப் பயணிகளுக்கு வாடை வராமல் நடுவே ஒரு கதவு. அகலப்பாதைப் பெட்டி ஏறக்குறைய 3.66 மீட்டர் அகலம். சென்னை மெட்ரோப் பெட்டி 2.9 மீட்டர். அந்த முக்கால் மீட்டர் இருக்கிறது, இடமில்லை என்று சொல்லமுடியாது. பீக் நேரம் முடிந்தபின் அதே இடத்தில் சக்கர நாற்காலியும் சைக்கிளும் குழந்தை வண்டியும் வரலாம். அப்படிச் சொன்னால் கோப்பு சீக்கிரம் நகரும் என்றால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

பிளாட்பாரத்தையும் கொஞ்சம் பாருங்கள். இப்போதைய மின்சார ரயிலின் தரை, பல ஸ்டேஷன்களில் பிளாட்பாரத்தைவிட ஒரு முழங்காலளவு உயரம். கூடையை ஏற்ற கீழே ஒருவர், மேலே ஒருவர் வேண்டும். வண்டி நிற்பதோ அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. மெட்ரோ ஸ்டேஷனில் தரையும் தரையும் சமமாக இருக்கிறது. சக்கரம் வைத்த ஒரு பலகை இருந்தால் ஒருவரே தள்ளிக்கொண்டு ஏறிவிடலாம். யோசித்துப் பார்த்தால் கூடைக்காரர்களுக்கு உண்மையில் மிகப் பொருத்தமான வண்டி மெட்ரோதான். அதிலிருந்து அவர்களை வெளியே நிறுத்தப்போவது விதிப்புத்தகம் மட்டும்.

உங்களுக்குள் ஒருவரை ஒருவர் காட்டும் பழக்கத்தை இந்த விஷயத்தில் கொஞ்சம் ஒத்திவையுங்கள். ரயில்வேயைக் கேட்டால் “இனி மெட்ரோ பார்த்துக்கொள்ளும்” என்பார்கள். மெட்ரோவைக் கேட்டால் “வண்டி தயாரிப்பு எங்கள் கையில் இல்லை” என்பார்கள். ஐ.சி.எஃப். “கேட்டதைச் செய்து கொடுக்கிறோம்” என்று சொல்லும், அது உண்மையும்கூட. இப்படி ஆளுக்கொரு பக்கம் கைகாட்டாமல் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கத்தான் கும்டா என்று ஓர் அமைப்பை உண்டாக்கினோம். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்க ‘சென்னை ஒன்’ செயலியை 2025-ல் கொண்டுவந்தீர்கள். அதைப் பாராட்டாமல் இருக்கமுடியாது. செயலி கையில் இல்லாதவரின் கூடைக்கும் அதே மேசையில் ஒரு நாற்காலி போடவேண்டும் என்கிறேன்.

கருத்துக்கேட்பு என்று ஒன்று வைப்பீர்கள் அல்லவா? வழக்கமாக அது ஏசி அரங்கத்தில், பகல் பதினொரு மணிக்கு, ஆங்கிலப் பவர்பாயின்ட்டோடு நடக்கும். அந்நேரம் மீன்காரர்கள் தெருவில் இருப்பார்கள். இந்த முறை பிற்பகல் மூன்று மணிக்கு, சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனில் காலியாகக் கிடக்கும் மாடியில் வையுங்கள். பெட்டியின் வரைபடத்தைத் தரையில் உண்மை அளவுக்குச் சாக்பீஸால் போட்டு, அவர்கள் கூடைகளைக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கட்டும். எத்தனை கொள்ளும், எங்கே வாசல் வேண்டும் என்று எந்த ஆலோசகர் நிறுவனத்தையும்விட அவர்களே சரியாகச் சொல்வார்கள். ஆயாவை அழைத்துவரும் பொறுப்பு என்னுடையது. தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னதாக டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்தில் பெரிய எழுத்தில், தமிழில் எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
குரோம்பேட்டையிலிருந்து ஒரு சீசன் டிக்கெட்காரர்